துண்டுக்குள் வெடித்தது

இன்று காலை எங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் பல்வலி. யார் சொன்ன வைத்தியமோ, ஒரு பீடியைப் பிரித்து உள்ளே கிராம்பை நுணுக்கிப் போட்டுச் சுருட்டிப் பற்ற வைத்தார். நெருப்பு கிராம்பைத் தொட்டதும் படபடவென்று பொரிந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தான். தராசுக்காரரும் பார்த்தார். நானும் பார்த்தேன். நீ நிற்கவில்லை. செத்துப்போன ஆள் எப்படி நிற்பான்? ஆனாலும் அந்த வாசனை வந்தால் பின்னாலேயே நீ வருவாய் என்று எங்கள் கழுத்துகளுக்குப் பழகிப் போயிருக்கிறது.

"யோவ், அந்த எழவ வெளியில போயி புடிய்யா!" என்று கத்தினேன். வழக்கமாக நான் கத்தினால் மண்டியில் எவனும் சட்டை செய்வதில்லை. இன்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை பீடியைக் காலில் போட்டு நசுக்கினார். அதற்குப் பிறகும் வாசனை போகவில்லை. மல்லாட்டைத் தூசியையும் கோணி நாற்றத்தையும் மீறிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். உன்னை நினைத்து உருகுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. உருகுவதற்கு என் வீட்டுக்காரி இருக்கிறாள். எனக்கு உன் மேல் இருப்பது ஆத்திரம். நீ இருந்தபோதும் இருந்தது, போன பிறகும் ஆறவில்லை.

ஒலக்கூரில் ஒரே தெருவில் பிறந்தோம். இரண்டு பேர் வீட்டிலும் காணி நிலம் கிடையாது. அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக் கூலியாக அந்த வேர்க்கடலையையே வாங்கித் தின்று வளர்ந்தோம். உனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஏறியது, எனக்கு முதுகில் மூட்டை ஏறியது. நீ நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்து சுமத்ராவுக்குப் போனாய். நான் திண்டிவனம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி விற்று, பிறகு சொந்தமாக மண்டி போட்டேன். அந்த வருஷங்களெல்லாம் நீ மேடான் பட்டணத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் புகையிலைத் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய்.

அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்து வந்தாய். கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு தகர டப்பா. டப்பா நிறையக் கிராம்பு போட்ட சுருட்டு. பற்ற வைத்தால் பொரியும். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பா காரியம் முடிந்த கையோடு, "மூணு மாசத்துல திரும்பிடுவேன்டா, அங்க பொண்டாட்டி இருக்கா" என்றாய். பேர் ரத்னா என்றாய்.

"நம்ம ஊரு பேரா இருக்குதேண்ணே, நம்ம பொண்ணா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"இல்லம்மா, ஜாவாக்காரி. கோவம் மட்டுந்தான் நம்மூரு" என்றாய்.

மூன்று மாசம் முடிவதற்குள் அங்கே ஐரோப்பாவில் ஜெர்மன்காரன், உன் சுமத்ராவை ஆண்ட டச்சுக்காரனின் ஹாலந்துக்குள் நுழைந்தான். கப்பல் கிடைப்பது கஷ்டமாயிற்று. இன்று நாளை என்று நீ இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பான்காரன் உன் மேடானுக்குள்ளேயே நுழைந்தான். கப்பல் அடியோடு நின்றது. கடிதம் நின்றது. அவள் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்.

அந்தச் செய்தி வந்த அன்று திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சில் நீ இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கதறுவாய், பேப்பரைக் கிழிப்பாய் என்று பயந்துகொண்டே ஓடி வந்தேன். நீ என்னடாவென்றால் எனக்குப் பாடம் நடத்தினாய். வெள்ளைக்காரன் பாஷையில் யுத்தம் 'பிரோக் அவுட்' ஆகுமாம். காலரா வந்தாலும் அதே வார்த்தைதானாம், கைதி ஜெயிலை உடைத்துக்கொண்டு ஓடினாலும் அதேதானாம். ரத்னாவின் பாஷையில் யுத்தம் 'லெத்தூஸ்' ஆகுமாம். எரிமலை வெடித்தாலும் லெத்தூஸ், சீழ்க்கட்டி உடைந்தாலும் லெத்தூஸ்.

"நம்ம பாஷையில இன்னா சொல்றோம் பாத்தியா? மூண்டுச்சின்றோம். அடுப்பு மூள்ற மாதிரி. நமக்கு எல்லாமே மெதுவாத்தான்டா" என்றாய்.

"அடேய், கப்பல் எப்ப வுடுவான்? அதச் சொல்லு மொதல்ல."

"தெரியலடா" என்று பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

கையில் ஒரு கல் இருந்திருந்தால் உன் மண்டையில் போட்டிருப்பேன்.

உன்னைச் சும்மா உட்கார வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மண்டிக்குக் கூட்டி வந்தேன். எங்கள் மண்டியில் பேசுகிறவன் எவன், எல்லோரும் கத்துகிறவர்கள்தானே. உனக்கு அது விருந்தாகிவிட்டது. ஒவ்வொருவன் கத்தலுக்கும் ரத்னா பாஷையில் பேர் வைத்தாய். நம்ம மொட்டைத்தலைத் தரகர் வாய் திறந்தால் வெற்றிலைச் சாறும் வசவும் சேர்ந்து பீச்சும். அவர் 'செம்பூர்'. திமிங்கிலம் தண்ணீரைப் பீச்சுவதற்கும் அதே வார்த்தையாம். "அவுரு வர்றாரு, குடையை விரிங்கடா" என்பாய். தராசுக்காரருக்குக் கோபமே வராது, சிரிப்புத்தான் திடீரென்று வரும், வந்தால் தராசுத் தட்டே ஆடும். அவர் 'லெடாக்'. வெடிகுண்டு வெடிப்பதற்கும் அதே வார்த்தை. என் வீட்டுக்காரி 'லுவாப்'. பால் பொங்குவது, ஆறு கரை மீறுவது, மனுஷருக்குள் பொங்கி வழிவது எல்லாம் அதில் சேர்த்தி. "பொங்குனா அடுப்பக் கெடுக்கும், ஆனா உள்ள இருக்கறது பாலுதான்" என்று நீ சொன்னதைக் கேட்டு அவள் உனக்கு அன்று இரண்டு அடை கூடுதலாக வைத்தாள்.

"எனக்கு இன்னா பேருடா?" என்று கேட்டேன். லெத்தூஸ் என்பாய் என்று எதிர்பார்த்தேன். எரிமலை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

"ஒனக்கு அந்த பாஷையில வார்த்த இல்லடா. இங்கிலீஷ்ல இருக்குது."

"இன்னா?"

"அட்வர்டைஸ்மெண்ட்."

மண்டியே சிரித்தது. தராசுக்காரர் லெடாக் ஆனார். எனக்கு உறைத்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. நான் கத்துவது தொழிலுக்குத்தான். எந்த வியாபாரியிடம் கத்தினால் இறங்குவான், எவனிடம் கத்தினால் எழுந்து போவான் என்று பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். நீ ஒருத்தன்தான் அதை முகத்துக்கு நேரே சொன்னாய்.

எல்லோருக்கும் பேர் வைத்தாய். உனக்கு ஒன்று வைத்துக்கொண்டாயா?

எங்கள் தொழிலில் கத்தல் எவ்வளவு இருந்தாலும் விலை முடிகிற இடத்தில் சத்தம் கிடையாது. விற்கிறவன் கையை நீட்டுவான், வாங்குகிறவன் பிடிப்பான், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடிக்கிறான், எத்தனை விரலைப் பிடிக்கிறான் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிக்கு அது தெரியக் கூடாது. அதனால் கை துண்டுக்குள் இருக்கிற வரை வாயும் பேசக் கூடாது, முகமும் பேசக் கூடாது. புருவம் ஏறினால் விலை வெளியே போய்விடும். எவன் வாய் திறந்தாலும் பேரம் முறிந்தது, சரக்கு வேறு ஆளுக்கு.

எனக்கு அது வரவே வராது. என் முகம் கண்ணாடி. நீ ஒரே பருவத்தில் கற்றுக்கொண்டாய். உன் முகத்தைப் பார்த்து யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "அந்தாளு மூஞ்சியா அது, செவுரு" என்றார் தரகர். எனக்குப் பெருமைதான். துண்டை உன் தோளில் போட்டு, இனி இவன்தான் பேசுவான் என்று சொல்லிவிட்டேன். என் மண்டி பெருத்தது அந்தச் சுவரால்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ வீட்டுக்குப் போகும்போதும் அந்தத் துண்டைக் கழற்றவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரத்னாவைப் பற்றி நீயாகப் பேசியது குறைவு. பேசினால் அவள் கோபத்தைப் பற்றித்தான். சோறு ஆறிவிட்டது என்று நீ ஏதோ முனக, அவள் தட்டைத் தரையில் அடித்து உடைத்தாளாம். உடைத்துவிட்டு, உடைந்ததைப் பார்த்துச் சிரித்தாளாம், சிரித்துக்கொண்டே அழுதாளாம். தட்டு உடைவதற்கும் அழுகை உடைவதற்கும் அவர்கள் பாஷையில் 'பெச்சா' என்று ஒரே வார்த்தையாம். "மூணும் ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்டா. அப்புறம் பாத்தா வேற தட்டுல சோறு போட்டுக்கினு நிப்பா" என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். சுவர்.

என் வீட்டுக்காரிக்கு உன் போக்குப் பிடிக்கவில்லை. ஒரு அமாவாசைக்கு உன்னையும் வண்டியில் ஏற்றி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே கேட்க வேண்டுமா? பம்பை சத்தம் எழும்பியதும் பெண்கள் தலையை விரித்துப் போட்டு ஆடினார்கள். மாமியாரைத் திட்டினார்கள், புருஷனைத் திட்டினார்கள், செத்துப்போன பிள்ளையைக் கூப்பிட்டு அலறினார்கள். ஒருத்தி ஆடி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் நிதானமாகப் பொரி பேரம் பேசினாள்.

"நீங்களும் கத்திட்டு வாங்கண்ணே. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றாள் இவள்.

"எங்க ஊர்லயும் இப்பிடி ஆடுவாங்கம்மா. மூங்கில் குதிரையைக் காலுக்கு நடுவுல வெச்சிக்கினு ஆடுவாங்க. அவளுக்கு ரொம்பப் புடிக்கும்" என்றாய்.

'எங்க ஊர்' என்று நீ சொன்னது ஒலக்கூரை அல்ல. இவள் அதைக் கவனித்து என்னைப் பார்த்தாள். நீ கைகட்டி நின்று ஆடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பொங்கினாள். "அந்த மனுசன் உள்ளுக்குள்ள செத்துக்கினு இருக்குது. நீங்க மூட்டைய எண்ணிக்கினு இருங்க."

யுத்தம் முடிந்தது. முடிந்த பிறகாவது கப்பலாபீசுக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பாய் என்று பார்த்தேன். நான்தான் உன்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸ் வரை போய்க் கத்திவிட்டு வந்தேன். அங்கே டச்சுக்காரன் திரும்பி வந்து மறுபடியும் சண்டை, இப்போது அனுமதி கிடையாது என்றார்கள். நீ அவர்களிடம் "சரிங்க, வர்றோங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாய்.

அப்புறம் அந்த ஜவுளி பாய் வந்தார். மேடானில் துணிக்கடை வைத்திருப்பவர், நாகூர்ப் பக்கத்து ஆள். சண்டைக்கு நடுவில் எப்படியோ பினாங்கு போய்க் கப்பல் பிடித்து ஊருக்கு வந்திருந்தார். அங்கே கடை இருப்பதால் திரும்பிப் போகவும் அனுமதி வைத்திருந்தார். விழுப்புரத்தில் தங்கை வீடு. அங்கிருந்து உன்னைத் தேடிக்கொண்டு திண்டிவனம் வந்து, விசாரித்து விசாரித்து நேரே மண்டிக்குள் நுழைந்தார்.

மல்லாட்டை வரத்து அதிகமான நாள். பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்து விவசாயி ஒருத்தர் வண்டியோடு நின்றார். நல்ல சரக்கு, நாலு வியாபாரி கண் வைத்திருந்தார்கள். நீ துண்டைப் போட்டு அவர் கையைப் பிடித்திருந்தாய். உன் பெயரைச் சொல்லி யார் என்று பாய் கேட்க, தரகர் உன்னைக் காட்டினார். பாய்க்கு எங்கள் வழக்கமெல்லாம் தெரியாது. பக்கத்தில் வந்து நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

"தம்பி, நான் மேடான்லேர்ந்து வர்றேன். ரத்னா உசுரோட இருக்கு. இத்தன வருசமா காத்துக்கிட்டிருக்கு. இப்ப ஒருத்தன் கட்டிக்கிறேன்னு கேக்குறான், நல்ல ஆளு. உனக்கு மனசு இருக்கா இல்ல வேற குடும்பமாயிட்டியான்னு உன் மொகத்தப் பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னிச்சு."

நான் உன் முகத்தையே பார்த்தேன். ஒரு நரம்பு அசையவில்லை. கை துண்டுக்குள் இருந்தது. பேரம் முடிகிற வரை பொறுத்து, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாயைப் பார்த்துக் கேட்டாயே ஒரு கேள்வி!

"சாப்டீங்களா பாய்?"

பாய் முகம் சுருங்கிவிட்டது. "சாப்டேன்" என்றார். நீ, "இருங்க, டீ சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் எடை பார்க்க ஆரம்பித்துவிட்டாய். டீ வந்தது. நீ வரவில்லை.

நான் பாயைத் தனியே கூட்டிப் போனேன். "பாய், அவன் மூஞ்சிய வெச்சி எதையும் முடிவு பண்ணாதீங்க. அது தொழில் மூஞ்சி" என்றேன்.

"மொதலாளி, பொண்டாட்டி உசுரோட இருக்கான்னு கேட்டா ஒரு மனுசன் எதாச்சும் கேக்க மாட்டானா? எப்படி இருக்கா, எளச்சிட்டாளா, ஒரு வார்த்த? என் மொகத்துக்கு நேரா சாப்டியான்றான். நான் பாத்ததத்தான் சொல்லணும். பொய் சொல்லி அந்தப் பொண்ண இன்னும் காக்க வெக்கிறது பாவம்." எழுந்து போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் விழுப்புரத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு உன்னிடம் கத்தினேனே, அது விளம்பரம் இல்லை. "போடா, ஓடிப் போயி அந்தாளு கால்ல வுழுடா! அவருக்கு அந்த பாஷை தெரியுமே, அந்த பாஷையிலயாச்சும் ஒரு வார்த்த சொல்லேன்டா!"

"கை துண்டுக்குள்ள இருந்துச்சேடா" என்றாய்.

"எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! ஒரு வண்டி மல்லாட்ட போனா போவுது!"

"ஒருவாட்டி சாப்டீங்களான்னு கேட்டாச்சி. அதுக்கு மேல இன்னான்னு கேக்கறது? அவளக் கட்டிக்கிறேன்றவன் அங்க இருக்கான். நான் இங்க இருக்கேன். கப்பலும் இல்ல. அவ நல்லா இருக்கட்டும் வுடு."

உன்னைப் போட்டு உலுக்கினேன். நீ உலுக்குகிற பக்கமெல்லாம் ஆடினாய், மரம் மாதிரி.

மறுநாள் காலை பிரம்மதேசத்துக்காரர் வந்தார். வலது கையில் மாவிலங்கப் பட்டை அரைத்துப் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்துப் போயிருந்தன.

"இன்னாங்க இது?" என்றேன்.

"இன்னாவா? உங்க ஆளு பண்ண வேல. நேத்து துண்டுக்குள்ள ரெண்டு வெரலப் புடிச்சிக்கினு இருந்தாரு. அந்த பாய் வந்து பேசறப்ப அஞ்சையும் சேத்துப் புடிச்சி நெறிச்சாரு பாரு, ஏதோ ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சி. சுண்டு வெரலு ஒடிஞ்சே போச்சின்றாரு வைத்தியரு."

"யோவ், ஒடிஞ்சப்ப கத்தியிருக்கலாமேய்யா!"

"எப்பிடிங்க கத்தறது? துண்டுக்குள்ள கை இருக்க சொல்லோ கத்துனா பேரம் முறிஞ்சிடாது? அஞ்சு வெரலையும் புடிக்கிறாரே, வெல ஏறுதுன்னு நெனச்சிக்கினு பல்லக் கடிச்சிக்கினு நின்னேன். அஞ்சு வெரலு வெல வேணும் எனக்கு, ஆமா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் விட ஆத்திரம் வந்தது. ஒரே துண்டுக்குள் ஒருத்தன் உள்ளே வெடிக்கிறான், இன்னொருத்தன் விரல் ஒடிய நிற்கிறான், இரண்டு பேர் முகத்திலும் ஒன்றுமில்லை. ஒருத்தன் வாயைத் திறந்திருந்தால் பாய்க்குப் புரிந்திருக்கும்! இப்படியும் ஒரு ஊர், இப்படியும் ஒரு வழக்கம்!

ஆனால் நான் வியாபாரி. எது கையில் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் பேச வேண்டும். "விழுப்புரத்துல எலும்பு கட்டறவரு ஒருத்தரு இருக்காரு, என் செலவு, வாங்க ஜல்தி" என்று அவரை இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். உன்னையும் கூப்பிட்டேன். நீ தராசைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாய்.

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினதும், "எலும்பு கட்டறவரு எந்தப் பக்கங்க?" என்று பிரம்மதேசத்துக்காரர் கேட்க ஆரம்பித்தார். "வர்றாரு, வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன். பாய் பெட்டி மேல் உட்கார்ந்து தங்கை கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"பாய், அவன் மொகத்தப் பாத்தீங்க. இதையும் பாத்துட்டுப் போங்க" என்று பத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஐயோ, மெதுவாங்க! இவருதான் எலும்பு கட்டறவரா?"

"கொஞ்சம் சும்மா இருங்க." பாயிடம் சொன்னேன். நீங்கள் ரத்னா பேரைச் சொன்ன நேரத்தில் இந்த விரல் அவன் கைக்குள் இருந்தது என்றேன். துண்டு எதற்கு, முகம் ஏன் அப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சோற்றை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வீங்கிய விரலைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் விடவில்லை.

"யா அல்லா. இத நான் எப்படிங்க கடலுக்கு அந்தாண்ட தூக்கிட்டுப் போறது?"

"நீங்கதான் சொல்லணும். அவ பாஷையில வார்த்த நெறைய இருக்காமே. லெத்தூஸ்ன்னு சொல்லுங்க. ஆமுக்குன்னு சொல்லுங்க."

பாய் சிரித்துவிட்டார். "ஆமுக்குன்னா கத்திய எடுத்துக்கிட்டு எதிர்ல வந்தவனையெல்லாம் வெட்டுனான்னு அர்த்தம் மொதலாளி. வெள்ளக்காரனே அங்கேர்ந்துதான் அந்த வார்த்தைய எடுத்துக்கிட்டுப் போனான். அந்தப் பொண்ணு பயந்துடும்." விரலை மறுபடியும் பார்த்தார். "இதுக்கு வார்த்த கெடையாது. நடந்தத நடந்த மாதிரி சொல்றேன்." தன் இடது கையால் வலது கை விரல்களை மொத்தமாகப் பிடித்து நெரித்துப் பார்த்தார். "இப்படித்தானே?"

"இன்னும் பலமா" என்றார் பிரம்மதேசத்துக்காரர்.

ரயில் போனது. அவரை நிஜமாகவே எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப் போனேன், அஞ்சு விரல் விலையும் கொடுத்தேன். திண்டிவனம் திரும்பி வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ பரணிலிருந்து அந்தப் பழைய தகர டப்பாவை எடுத்தாய். சுருட்டு தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, ஒரு பீடியைப் பிரித்துக் கிராம்பைப் போட்டுக்கொண்டாய். பற்ற வைத்ததும் அது பொரிந்தது.

"சிரிப்பாடா அவ" என்றாய்.

அதற்குப் பிறகு நீ மாறித்தான் போனாய், தினமும் அந்தக் கிராம்புப் பீடியோடுதான் மண்டிக்கு வந்தாய். மெட்ராசுக்கு நீயாகவே போய் மனு கொடுத்தாய். ஒரு தடவை கப்பலாபீஸ் குமாஸ்தாவிடம் குரலை உயர்த்தினாய் என்று கேள்விப்பட்டு நான் மண்டியில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் நீயும் ஒரு மனுஷனாகக் கத்தக் கற்றுக்கொண்டிருப்பாய்.

திண்டிவனத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரன் பாஷையில் சொன்னால் பிரோக் அவுட். ஜெயிலை உடைத்துக்கொண்டு வந்த மாதிரிதான் வந்தது, உன் தெருவுக்குள் நுழைந்தது, உன்னை எடுத்துக்கொண்டு போனது. சாகும்போதும் ஒரு முனகல் கிடையாது. என் வீட்டுக்காரி உன் வாய்க்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே, "ஒருவாட்டி கத்துங்கண்ணே, ஐயோன்னு ஒருவாட்டி சொல்லுங்கண்ணே" என்று அழுதாள். நீ அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாய்.

அடுத்த மல்லாட்டைப் பருவத்தில் பாய் மறுபடியும் வந்தார். வாசலில் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பு. நான்தான் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பிறகு வேறு ஆள் சரிப்படவில்லை.

"மொதலாளி, எங்க அவரு? அந்தப் பொண்ணுகிட்ட என் வெரலப் புடிச்சிக் காட்டுனேன். சிரிச்சிச்சு பாருங்க, தெருவே எட்டிப் பாத்திச்சு. சிரிச்சிக்கிட்டே கையில இருந்த தட்டத் தரையில ஒரே அடி. அந்த இன்னொருத்தன இனிமே வாசப்பக்கம் வராதன்னு சொல்லிடுச்சு. எப்ப வர்றீங்கன்னு கேட்டு வரச் சொல்லியிருக்கு."

கையை உருவிக்கொண்டேன். பேரம் முறிந்தது, சரக்கு வேறு ஆளுக்குப் போனது. போகட்டும். பாயை உட்கார வைத்தேன். நீ போய்விட்டாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. வந்தது இன்னொன்று.

"சாப்டீங்களா பாய்?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டு ஏமாந்த ஆள், இந்தத் தடவை ஏமாறவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை மேல் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். பெச்சா என்று நீ சொன்னாயே, தட்டு உடைகிற மாதிரி. கடலைத் தாண்டி ஒரு பதிலைச் சுமந்து வந்தவர், இறக்கி வைக்க இடமில்லாமல் அழுதார். மண்டியில் எல்லோரும் அழுதார்கள், செம்பூர் தரகர் உள்பட. நான் மட்டும் டீ சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய் நின்றேன். எரிமலை என்று பேர் வாங்க ஆசைப்பட்டவன்! அதற்கும் உன் மேல்தான் ஆத்திரம். உன் சுவரை எதற்காக என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்?

பாய் திரும்பிப் போனார். செய்தியை அவர்தான் சொல்லியிருப்பார். ரத்னா எதை உடைத்தாளோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. அந்தத் தேசத்துக்கு இப்போது இந்தோனேசியா என்று பேராம், இங்கிலீஷ் பேப்பரில் வருகிறது. வந்தால் கணக்குப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

பிரம்மதேசத்துக்காரர் வருஷா வருஷம் சரக்கோடு வருகிறார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் சுண்டு விரல் கொக்கி மாதிரி வளைந்தே நின்றுவிட்டது. துண்டைப் போட்டதும் மற்ற விரலையெல்லாம் மடக்கிக்கொண்டு அந்த விரலைத்தான் முதலில் என் கையில் கொடுப்பார். ஆள் கெட்டிக்காரர், எனக்கு அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். நானும் காட்ட மாட்டேன். துண்டுக்குள் அந்த வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். விலையை இறக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் கையை நீட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் அஞ்சு விரலையும் பிடித்துவிடுகிறேன்.